இடப்பக்கத்துத் தூம்

கமலாசனி பஜனைக் குழுவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். எல்லாக் கரைச்சலும் அதிலிருந்துதான் தொடங்கியது.

தர்மபுரத்து அம்மாள் கோயிலில் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமைகளில் பஜனை படிப்பார்கள். அதில் டோல்கி அடிப்பவள் கமலாசனி. மடியில் குறுக்காக வைத்து இரண்டு பக்கமும் கையால் அடிக்கிற சின்ன மேளம் அது. வைகாசிப் பொங்கலுக்குப் புதுப் பாட்டுகள் படிக்க வேண்டுமென்று, குழுவை நடத்துகிற பிரஷாந்தினி எல்லாருடைய போனுக்கும் பாட்டுகளை அனுப்பியிருந்தாள். பிரஷாந்தினி முன்பள்ளி ரீச்சர். நல்ல குரல், நல்ல கெட்டித்தனம். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

"வீட்டில ஹெட்செட் போட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டு வாங்கோ. கோயிலுக்கு வந்து பழகிக்கொண்டிருக்க நேரமில்லை" என்று சொல்லிவிட்டாள்.

கமலாசனியும் சந்தியில் சிறாஜின் போன் கடைக்குப் போய், இருக்கிறதில் மலிவான ஹெட்செட் ஒன்று வாங்கிவந்தாள். காதுக்குள் செருகுகிற வகை. மாட்டுக்கு வைக்கோல் போடும்போதும், அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தொடையில் தட்டித் தட்டிப் பழகினாள். கொஞ்ச நாளில் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. போனை எடுத்துக் குழுவுக்குப் பேசி அனுப்பினாள்.

"பிள்ளையள், இந்தப் பாட்டுகளில ஏதோ பிழை கிடக்கு. வலப்பக்கம் டோல்கி தூம் தூம் எண்டு நல்லா விழுகுது. இடப்பக்கம் வெறும் டிக் டிக். தகரத்தில தட்டின மாதிரி. றெக்கோட் பண்ணினவன் இடையில நித்திரையாப் போனானோ தெரியேல்லை. ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

பிரஷாந்தினியின் பதில் உடனே வந்தது.

"அன்ரி, எங்கள் எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் வடிவாக் கேக்குது. பாட்டில ஒரு பிழையும் இல்லை. உங்கட இடக்காதைத்தான் ஒருக்கா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. வயசு போகுதெல்லே!"

அதன் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கமலாசனி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பாட்டுப் பழகும்போது கை தடுமாறியது. புதுப் பாட்டில் இரண்டு டோல்கிகள் கேள்வியும் பதிலும் போல அடிக்கும். கேள்வி வலப்பக்கத்தில் விழும், பதில் இடப்பக்கத்தில் விழும். ஹெட்செட்டில் பதிலைச் சரியாகக் கேளாமலே பழகியவளின் கை, பதில் வரவேண்டிய இடத்தில் சும்மா நின்றது. முதல்முறை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தமுறை பிரஷாந்தினி பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இந்தமுறை நீங்கள் தாளம் போடுங்கோ. டோல்கிக்குத் தம்பியின்ர றிதம் மெசினைக் கொண்டுவாறன். அது தானா அடிக்கும், பிழைவிடாது."

வெண்கலத் தாளத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தும் விட்டாள். கமலாசனி அதை வாங்கவில்லை. டோல்கியைச் சேலைத்துண்டால் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தாளம் போடுவது ஒன்றும் கேவலமான வேலையில்லை. அதுவும் அம்மாளுக்குத்தான். ஆனால் டோல்கி அவளுக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அதை விட்டு எழும்பச் சொன்னால் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, குளத்துத் தண்ணியை நம்பி வந்த மனிதர். பிள்ளைகள் வயலில் நின்றால்தான் அடுப்பெரியும். சிறுவயதில் கமலாசனியின் கைக்கு அகப்பட்டதெல்லாம் மேளந்தான். சுளகு, கடகத்தின் அடிப்பக்கம், மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றையும் விடமாட்டாள். "உந்த அடியில வீட்டில இருக்கிற சீதேவி வெளிக்கிட்டு ஓடப்போறாள்" என்று தாய் ஏசுவாள். கலியாணம், பிள்ளை, இடப்பெயர்வு, முகாம் என்று காலம் போனது. திரும்பி வந்து குடியேறிய பிறகு, வெளிநாட்டிலிருக்கிற ஊரவர் சிலர் கோயிலுக்கு அந்த டோல்கியை வாங்கிக் கொடுத்தார்கள். பெண்கள் பஜனையில் வந்து குந்தியிருந்து அடிக்க ஆண்களுக்கு வெட்கம். தொட்டுப் பார்க்கப் பெண்களுக்குப் பயம். அது பல வாரம் மூலையில் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கமலாசனி போய் அதைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"பொம்பிளையள் டோல்கி அடிக்கிறதோ?" என்று கோயில் சபையில் ஒருவர் கேட்டார்.

"பொம்பிளைத் தெய்வத்துக்குத்தானே அடிக்கிறன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டோல்கியை இறக்கும்போது, கணவர் ஏரம்பு முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். மனுசியின் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"அவை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு" என்றார். "நான் வயலுக்குள்ள நிண்டு கத்திக் கத்திக் கூப்பிட்டாலும் உனக்குக் கேக்கிறேல்லையே."

"நீங்கள் கூப்பிடுறது எனக்கு நல்லாக் கேக்கும். கேக்காத மாதிரி இருக்கிறது என்ர கெட்டித்தனம்."

ஏரம்பு சிரித்தார். கமலாசனி சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவளுடைய கோபத்துக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. கடைசி யுத்த நேரம் மாத்தளனில், பங்கருக்குப் பக்கத்தில் செல் ஒன்று விழுந்தது. கடவுள் புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளின் இடக்காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் தொடங்கியது. அது இன்றுவரை நிற்கவில்லை. வேலையோடு நிற்கும்போது தெரியாது. சாமியறையில் கண்ணை மூடினால் மெல்லக் கேட்கும். ஏரம்புக்கும் அவள் சொன்னதில்லை. எத்தனையோ பேர் வராத இடத்திலிருந்து உயிரோடு வந்துவிட்டு, காதுக்குள் இரைகிறது என்று முறைப்பாடு சொன்னால் கடவுளுக்கு அடுக்காது என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தக் காதுதான் போய்விட்டதோ? போனால் டோல்கியும் போய்விடும்.

அந்தப் பயத்தைப் பயமென்று ஒத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. பயத்துக்குப் பதிலாக ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

சிறாஜ் சின்ன வயதில் புத்தளத்து முகாமில் வளர்ந்தவன். பிறகு வாப்பாவின் ஊர் பக்கமென்று திரும்பி வந்து, சந்தியில் போன் கடை போட்டிருக்கிறான். வாய் ஓயாது. ஆனால் கள்ளமில்லாத மனிதன்.

"சிறாஜ், சாமான் பிழை. இடப்பக்கம் தூம் இல்லை."

"தூமோ? ஓ, பேஸைச் சொல்லுறீங்களோ? அக்கா, உந்தச் சாதி ஒரு பெட்டி எடுத்தனான், முழுக்க வித்துப் போச்சு. ஒருத்தரும் பிழையெண்டு திரும்பி வரேல்லை."

"அவை வராட்டிச் சாமான் நல்லமெண்டு ஆகிடுமோ? உன்னட்ட வாங்கினவை எல்லாம் பாட்டுக் கேக்கிற ஆக்களோ, இல்லாட்டிப் பெஞ்சாதியின்ர கதை கேக்காமல் இருக்கக் காதில செருகிற ஆக்களோ?"

சிறாஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "சரியக்கா, சண்டை பிடியாதேங்கோ. இது லேசான வேலை. இடப்பக்கத்தைக் கழட்டி வலக்காதில போடுங்கோ, வலப்பக்கத்தை இடக்காதில போடுங்கோ. தூம் இல்லாத பக்கம் ஹெட்செட்டோட சேர்ந்து மாறினா, சாமானில பிழை. மாறாமல் உங்கட இடக்காதிலயே நிண்டா..."

"நிண்டா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "நிண்டா டொக்டரிட்டத்தான் போகோணும் அக்கா."

எவ்வளவு லேசான வேலை! அந்த இடத்திலேயே இரண்டையும் மாற்றிப் போட்டால் முடிந்தது. கமலாசனி வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"மாடு அவிட்டுக் கட்டோணும். பிறகு வாறன்" என்றாள்.

மாடு வீட்டில் நிழலுக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சில நாட்கள் அப்படியே போயின. ஹெட்செட் சாமியறைத் தட்டில், கற்பூரப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டாரிடம் வேறொன்று இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். அதையும் அவள் செய்யவில்லை. விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் கண்ட ஒருத்தி, "என்ன மாமி, மெசின் வருதாமே? இனி உங்களுக்குக் கை நோவு மிச்சம்" என்றாள். நல்லதை நினைத்துச் சொன்னாளோ, நக்கலுக்குச் சொன்னாளோ, கமலாசனிக்குச் சுருக்கென்று பட்டது.

அன்றைக்கு மத்தியானம் ஏரம்பு வயலுக்குப் போன பிறகு, அவள் கால்முகம் கழுவி, திருநீறு பூசி, அம்மாள் படத்துக்கு முன்னால் வந்து இருந்தாள். வழக்கமாகக் கை கூப்பித்தான் கேட்பாள். அன்றைக்குக் கையைக் கூப்பாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அம்மாளே, கேக்கிற காதும் நீ தந்தது, அடிக்கிற கையும் நீ தந்தது. காது பிழையெண்டா இப்பவே காட்டிப் போடு, நான் தாங்குவன். ஆனால் ஒண்டு. காது பிழையெண்டாலும் நான் டோல்கியை விடமாட்டன். ஒரு காதால கேட்டு அடிப்பன். அதுவும் போனா, தோலில கையை வைச்சு அதிர்வைப் பாத்து அடிப்பன். மூலையில இருத்தலாமெண்டு மட்டும் நினையாதை. இருக்கமாட்டன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. தெய்வத்தோடு இப்படிச் சட்டம் கதைத்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஹெட்செட்டை எடுத்தாள். முதலில் வழக்கம்போலப் போட்டுப் பாட்டை வைத்தாள். வலப்பக்கம் தூம், இடப்பக்கம் டிக். பாட்டை நிறுத்தாமல் இரண்டையும் கழற்றி மாற்றிச் செருகினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தூம், இடக்காதில் விழுந்தது.

கனமாக, உருண்டு, நெஞ்சுக்குள் இறங்கி விழுந்தது. வலக்காதில் இப்போது தகரம் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி மாற்றினாள். டிக் இடக்காதுக்கு வந்தது. திரும்பவும் மாற்றினாள். தூம் இடக்காதுக்கு வந்தது. பிழை ஹெட்செட்டோடுதான் நடந்து திரிகிறது, அவளின் காதில் குடியிருக்கவில்லை.

வயர் கழுத்தில் தொங்கத் தொங்க வயல் வரம்புக்கு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ! காது நல்லாத்தான் கிடக்கு!"

ஏரம்பு நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இனி நான் கூப்பிட்டாக் கேக்கேல்லையெண்டு நீ சொல்லேலாது" என்றார்.

அன்று பின்னேரமே சிறாஜின் கடையில் நின்றாள்.

"மாத்திப் பாத்தனான். பிழை சாமானோடதான் மாறுது. இனி நீ கதை."

சிறாஜ் ஒரு துண்டால் இரண்டையும் துடைத்துத் தன் காதில் போட்டான். பாட்டைக் கேட்டான். முகத்தைச் சுளித்தான். "ஓமக்கா, இடப்பக்கம் செத்துப்போய்த்தான் கிடக்கு" என்று கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். முதலில் ரப்பரை உருவி, சத்தம் வருகிற வலையைப் பார்த்தான். அங்கே குறும்பி ஒன்றும் இல்லை. பிறகு முதுகுப்பக்கத்தைத் திருப்பினான்.

"இது என்னக்கா, மஞ்சளா ஒட்டிக்கொண்டு கிடக்கு?"

கமலாசனி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொட்டு" என்றாள்.

"என்ன பொட்டு?"

"சந்தனப் பொட்டு. புதுச் சாமான் வாங்கினா அம்மாளுக்கு முன்னால வைச்சுப் பொட்டு வைக்காமல் தொடுறேல்லை. மகன்ர மோட்டார் சைக்கிளுக்கும் வைச்சனான், மாவிடிக்கிற மெசினுக்கும் வைச்சனான். இதுக்கும் வைச்சனான்."

சிறாஜ் கதிரையில் இருந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. "அக்கா, மோட்டார் சைக்கிள் மூக்கால மூச்சு விடுறேல்லை. இது விடும். இஞ்ச பாருங்கோ, மற்றப் பக்கத்தின்ர முதுகில ஊசிமுனை அளவில ஓட்டை. உள்ளுக்க ஒரு மெல்லிய தோல் இருக்கு. காத்து உதால போய்வந்தாத்தான் அது நல்லா அசையும். நீங்கள் சந்தனத்தால பூசி மெழுகிப் போட்டீங்கள்."

கமலாசனிக்கு அது உடனே விளங்கியது. டோல்கியின் ஒரு முகத்தை ஆராவது கையால் அமத்திப் பிடித்தால் மற்ற முகமும் தொண்டை கட்டிப்போகும். தோலுக்கு அசைய இடம் வேண்டும். அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"ஐயோ! குத்தாதேங்கோ!" சிறாஜ் பறித்துவிட்டான். "தோல் கிழிஞ்சா அவ்வளவுதான்."

பஞ்சை லேசாக நனைத்துச் சந்தனத்தை ஊறவைத்தான். ஓட்டை நிலத்தைப் பார்க்கிற மாதிரிக் கவிழ்த்துப் பிடித்து, மிருதுவான பல் பிரஷால் மெல்லத் தட்டினான். மஞ்சள் தூள் உதிர்ந்தது. "காயோணும். நான் தொழுதிட்டு வாறன், கடையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பின்னறைக்குப் போனான். அவன் தொழுது முடிக்கும்வரை கமலாசனி சத்தம் போடாமல் இருந்தாள். போன் கார்ட் கேட்டு வந்த ஒருவனையும் விரலைக் காட்டி நிற்கவைத்தாள்.

காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தாள். இடப்பக்கம் தூம் வந்துவிட்டது. ஆனால் வலத்தைவிட ஒரு பிடி குறைவு. விரலால் ஹெட்செட்டைக் காதுக்குள் அமத்தினாள். அமத்தினால் தூம் கூடியது, விட்டால் குறைந்தது.

"அது ரப்பர் அக்கா. காதுக்கும் ரப்பருக்கும் இடையால காத்துப் போனா பேஸ் ஒழுகிப்போகும். மனிசருக்கு ரெண்டு காதும் ஒரே அளவில்லை." பெட்டியோடு வந்த ரப்பர்களில் பெரியதை இடப்பக்கத்துக்கு மாட்டிக் கொடுத்தான். இரண்டு பக்கமும் ஒன்றாகின. கேள்வி வலத்தில் விழுந்தது, பதில் இடத்தில் விழுந்தது. இத்தனை நாள் அவளுக்குக் கேளாத பதில்.

"பாத்தீங்களே, உங்கட அம்மாளின்ர பொட்டாலதான் இவ்வளவு கரைச்சலும்" என்று சிறாஜ் சீண்டினான்.

"பொட்டு வைச்சது பிழையில்லை. வைச்ச இடந்தான் பிழை" என்றாள் கமலாசனி. வீட்டுக்குப் போய்த் திரும்பவும் சந்தனம் கரைத்து, வயர் பிரிகிற மூட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

அடுத்த முறை பாட்டுப் பழக அவள் கோயிலுக்குப் போனபோது, றிதம் மெசின் ஒரு கதிரையில் வயர்களோடு ஏறியிருந்தது. அவளின் இடத்தில் வெண்கலத் தாளம் கிடந்தது. கமலாசனி தாளத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இருந்தாள். டோல்கியை மடியில் ஏற்றிக் கயிற்று வளையங்களை இறுக்கினாள்.

"அன்ரி..." என்று தொடங்கினாள் பிரஷாந்தினி.

"நீ சொன்ன மாதிரிக் காதைக் காட்டினனான் பிள்ளை."

"ஆஸ்பத்திரியிலயோ?"

"அம்மாளிட்டயும் சிறாஜிட்டயும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், பொட்டையும் விடாமல் சொன்னாள். பெண்கள் ஒருத்தியில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள். பிரஷாந்தினியும் சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப காதில ஒரு பிழையும் இல்லையெண்டுறீங்கள்" என்றாள்.

அத்தோடு "ஓம்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்திருக்கும். அம்மாளின் வாசலில் இருந்துகொண்டு அரைவாசி உண்மை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இருக்கு" என்றாள். "இடக்காதுக்குள்ள கீயெண்டு ஒரு சத்தம் இருக்கு. மாத்தளனில செல் விழுந்த நாளில இருந்து இருக்கு. இந்த டோல்கியை முதல்முதல் மடியில வைச்ச அண்டைக்கும் இருந்தது. நீங்கள் நல்லமெண்டு சொன்ன பாட்டெல்லாம் அந்தக் கீக்கு மேலாலதான் அடிச்சனான். இனியும் அடிப்பன். எழும்பச் சொல்லுறதெண்டா, நான் அடிச்சுப் பிழைவிட்ட பிறகு சொல்லு. காதைச் சொல்லி எழுப்பாதை."

தாளத்தை மடியில் எடுத்து வைத்திருந்த, குழுவில் ஒருத்தியான தனுஷா, தரையைப் பார்த்தபடி, "எனக்கு வலக்காதில" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிரஷாந்தினி மெசினின் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "நான் அதை நினைச்சுச் சொல்லேல்லை அன்ரி" என்றாள் கடைசியில். "ஆனா மெசின் பிழைவிடாதெண்டுதான்..."

"கரண்ட் நிண்டா அது முழுச் செவிடு. நீ பாட்டைத் தொடங்கு."

பாட்டுத் தொடங்கியது. முதல் பதிலில் கமலாசனியின் கை முந்திவிட்டது. அவளே நிறுத்தினாள். "இது கையின்ர பிழை. திரும்ப!" என்றாள். இரண்டாம் தரம் கேள்வி விழுந்தது, பதில் வந்தது. மூன்றாம் அடியில் பெண்களின் குரல் தானாக உயர்ந்தது. பிரஷாந்தினி கண்ணை மூடிப் பாடினாள். பாட்டு முடியும்வரை ஒருவரும் மெசின் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் பிரஷாந்தினி வந்து, வயரைக் கழற்றி, கதிரையை ஓரமாக இழுத்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்ரி, பொங்கலண்டைக்கு ஸ்பீக்கரை உங்கட வலப்பக்கமா வைக்கட்டே?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கமெண்டாலும் வை" என்றாள் கமலாசனி, டோல்கியின் வளையத்தை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொண்டு. "முன்னுக்கு மட்டும் வைக்காதை. எனக்கு அம்மாளைத் தெரியோணும்."